30 பிரேம் கிளிப்பை மெதுவாக்கினால் விட்டு விட்டு ஓடுகிறது, உதவி தேவை

மகளின் அரங்கேற்ற வீடியோவில் ஒரு 4 நொடி கிளிப்பை 25 சதவீத வேகத்துக்குக் குறைத்து 16 நொடியாக்கினேன். படம் விட்டு விட்டு ஓடுகிறது. போனில் நொடிக்கு 30 பிரேமில் (தனித்தனிப் படங்களில்) எடுத்தது, எடிட் செய்யும் டைம்லைனும் 30தான். இருக்கும் 120 பிரேமை 16 நொடிக்குப் பங்கிட்டால் நொடிக்கு ஏழெட்டுதான் வரும், அது புரிகிறது.

மூன்று நாளாக முயல்கிறேன். அடுத்தடுத்த பிரேம்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கலக்கும் பிரேம் பிளெண்டிங் போட்டால் கைகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. அசைவைக் கணித்து இடையில் புதுப் பிரேம்களை உருவாக்கும் ஆப்டிகல் ஃப்ளோவில் உடல் அழகாக நகர்கிறது, ஆனால் முத்திரை பிடிக்கும் விரல்கள் உருகியதுபோல் ஆகிவிடுகின்றன. எனக்கு அந்த விரல்கள்தான் முக்கியம். 50 சதவீத வேகத்தில் பரவாயில்லை, ஆனால் பாட்டு நீளத்துக்குப் பத்தவில்லை. சலங்கை ஒலியைத் தனியே பிரித்துவிட்டேன். திரும்ப எடுக்கவும் வழியில்லை.

விரல்கள் சிதையாமல் இந்த 4 நொடியை 16 நொடியாக்க எந்த முறை சரிவரும்?