வார்டு ரவுண்ட்ஸில் மருந்தாளுநருக்கு என்ன வேலை?

கேள்வி: அப்பா வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) சாப்பிடுகிறார். சிறுநீர்த் தொற்றுக்கு கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் எழுதியிருந்தார்கள். வார்டு மருந்தாளுநர் டாக்டரிடம் பேசி மாற்ற வைத்தார். இது அவர் வேலையா?

பதில்: இதுதான் மருந்தாளுநர்களான எங்கள் வேலையே. அந்த மருந்து வார்ஃபரினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும். ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) ஏறி ரத்தக்கசிவு வரலாம். நான் முதலில் பார்ப்பது கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), அப்புறம் வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரைப் பை. பாதிச் சிக்கல் அந்தப் பையில்தான் இருக்கும்.

கேட்டவர்: சரி, இதற்கு ஆய்வு உண்டா?

பதில்: உண்டு. 1999இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் லீப் குழு வெளியிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவு ரவுண்ட்ஸில் மருந்தாளுநர் சேர்ந்ததும், மருந்து எழுதுவதில் நேரும் தவிர்க்கக்கூடிய பாதிப்புகள் 1,000 நோயாளி-நாட்களுக்கு (ஒரு நோயாளி ஒரு நாள் இருந்தால் ஒரு நோயாளி-நாள்) 10.4இலிருந்து 3.5ஆகக் குறைந்தன.

இன்னொருவர்: செவிலியராகச் சொல்கிறேன், டிஸ்சார்ஜ் அன்று மருந்தாளுநரை விடாதீர்கள். எதை நிறுத்தினார்கள், எதைத் தொடர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.