ஸ்பாஸ்டிசிட்டி: "இசிவு" வேண்டாம், "இழுவிறைப்பு" ஆகுமா?

குழுவினருக்கு வணக்கம்.

பக்கவாதம் போன்றவற்றில் தசை விறைத்துக்கொள்ளும் நிலையான ஸ்பாஸ்டிசிட்டிக்கு (spasticity) "இசிவு" என்ற தமிழ்ச் சொல் நேற்று நம் குழுவில் முன்மொழியப்பட்டது. நல்ல சொல்தான், ஆனால் இரணஜன்னியில் (டெட்டனஸ்) உடம்பு வில்லாய் வளைவதையும் இசிவு என்றே எழுதிவருகிறோம் என்பதால், பக்கவாதம் வந்தவரின் வீட்டார் அதைப் படித்து வலிப்பு என்று எண்ணி அஞ்சக்கூடும். வழக்கிலுள்ள "விறைப்பு" வேறு வகையில் இடர் தருகிறது. பக்கவாதம், பார்க்கின்சன் நோய், தோள்மூட்டு இறுகிப்போதல் ஆகிய மூன்றுக்கும் அதையே வழங்குகிறோம். இயன்முறை மருத்துவரின் கைக்கோ மூன்றும் வெவ்வேறாகத் தட்டுப்படுகின்றன.

பக்கவாதம் வந்தவரின் மடங்கிய முழங்கையை மெல்ல நீட்டினால் பெரும்பாலும் இணங்கி வரும். சட்டென்று நீட்டினால் பாதி வழியில் வெடுக்கென்று பிடித்துக்கொண்டு, பிறகு மடக்குக்கத்தி போல விட்டுக்கொடுக்கும். இழுக்கும் வேகத்துக்கேற்பத் தசையின் எதிர்ப்பு மிகுவதே ஸ்பாஸ்டிசிட்டியின் இலக்கணம் என்று நரம்பியல் மருத்துவர் லான்ஸ் 1980இல் வரையறுத்தார். மெதுவாக நீட்டி, அப்படியே சற்றுநேரம் பிடித்திருக்கும்படி வீட்டாருக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பது இதனால்தான். பார்க்கின்சன் நோயில் எந்த வேகத்தில் அசைத்தாலும் ஈயக்குழாயை வளைப்பது போன்ற சீரான எதிர்ப்பு இருக்கும். நடுக்கமும் சேர்ந்தால் பற்சக்கரம் போல விட்டுவிட்டுத் தடுக்கும். அங்கே வீச்சு மிகுந்த அசைவுகளும், நடக்கையில் கால் தரையில் ஒட்டினாற்போல் நின்றுவிடுபவருக்குத் தரையில் இடும் குறுக்குக் கோடுகளும் உதவுகின்றன. இறுகிய தோளில் கோளாறு மூட்டைச் சுற்றிய உறையில் இருக்கிறது.

ஆகவே ஸ்பாஸ்டிசிட்டிக்கு "இழுவிறைப்பு" என்பது என் பரிந்துரை. "இழுவிசை" போல இதுவும் வினைத்தொகை. இழுக்கையில் எழும் விறைப்பு என்று விரியும். பக்கவாதத்தை "கை கால் இழுத்துக்கொண்டது" என்னும் பேச்சு வழக்கும் இதற்குத் துணைநிற்கிறது. பார்க்கின்சன் நோயில் காண்பதை "நிலைவிறைப்பு" என்றும், தோளில் காண்பதை "மூட்டிறுக்கம்" என்றும் பிரித்துவிடலாம். பல வீடுகளில் இழுப்பு என்றால் மூச்சிரைப்பு என்பதை அறிவேன். ஆயினும் "விறைப்பு" என்ற பிற்பகுதி அந்தக் குழப்பத்தைத் தடுத்துவிடும் என்றே கருதுகிறேன்.

எழுதிப் பார்த்தேன். தசையின் எதிர்ப்பை மதிப்பிடும் திருத்திய ஆஷ்வர்த் அளவுகோலின்படி "முழங்கை மடக்குத்தசையில் இழுவிறைப்பு 1+" என்று நோயாளிக் குறிப்பில் எழுதினால் தடையின்றி ஓடுகிறது. குழந்தைகளிடம் காணும் "இழுவிறைப்பு வகை மூளை முடக்குவாதம்" (spastic cerebral palsy) என்ற தொடரில்தான் நாக்கு தடுமாறுகிறது. பொருள் கெடாமல் அதைச் சுருக்க வழியிருந்தால் எழுதுங்கள்.