டெட் கென்னடி: 1974-ல் நிக்சன் நீட்டியதை வாங்கியிருக்க வேண்டாமா?

கொள்ளிடத்தான்

1962-ல் அமெரிக்க செனட்டுக்குள் நுழைந்து 2009 ஆகஸ்டில் சாகும்வரை அங்கேயே இருந்தவர் ஜனநாயகக் கட்சியின் எட்வர்ட் (டெட்) கென்னடி. மருத்துவம், பள்ளிக்கூடம், குறைந்தபட்சக் கூலி, எதை எடுத்தாலும் செனட் விவாதத்தில் அவர் குரல் இருக்கும். "செனட்டின் சிங்கம்" என்று பட்டமே உண்டு. கர்ஜித்தார், சரி. வேட்டை என்ன ஆச்சு?

1974 பிப்ரவரியில் அதிபர் நிக்சன், ஆமாம், குடியரசுக் கட்சி நிக்சன், தானாக ஒரு திட்டம் கொண்டுவந்தார். முழுநேர ஊழியர் எல்லோருக்கும் முதலாளி மருத்துவக் காப்பீடு தந்தாக வேண்டும். பிரீமியத்தில் முதலில் 65 சதவீதமும் பிறகு 75 சதவீதமும் முதலாளி தலையில். ஏழைகளுக்கு அரசு உதவியோடு தனித் திட்டம். ஒரு குடும்பம் வருஷத்துக்கு 1,500 டாலருக்கு மேல் கையிலிருந்து போட வேண்டியதில்லை. 2010-ல் ஒபாமா கையெழுத்துப் போட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தால் இது ஒன்றும் இளைத்ததில்லை. கென்னடி வேண்டாம் என்றார். நடுவில் 36 வருஷம் போயிற்று. அந்த வருஷங்களில் ஆஸ்பத்திரி பில்லால் திவாலான குடும்பங்களுக்கு இவர் பேச்சு என்ன செய்தது?

பாஸ்டன் மாமி

பாதிக் கதையைச் சொல்லிவிட்டுத் தீர்ப்பு எழுதாதீங்க.

1971-ல் அவர் கேட்டது முழுக்க அரசே நடத்தும் காப்பீடு. தொழிற்சங்கங்கள் பின்னால் நின்றன. நிக்சன் திட்டம் வந்தபோது கென்னடி முறைத்துக்கொண்டு உட்காரவில்லை. பிரதிநிதிகள் சபையில் வரிக் குழுத் தலைவர் வில்பர் மில்ஸோடு சேர்ந்து 1974 ஏப்ரலில் ஒரு நடுவழி மசோதா போட்டார். தனியார் காப்பீட்டுக் கம்பெனிகளுக்கும் அதில் இடம் உண்டு. அந்த நாளில் அவர் கட்சிக்காரர் ஒருவர் அதற்குச் சம்மதிப்பதே பெரிய இறக்கம். அவர் இறங்கினார், சங்கங்கள் இறங்கவில்லை. நிக்சனின் வாட்டர்கேட் ஊழல் நாறிக்கொண்டிருந்தது, நவம்பர் தேர்தலில் நம் ஆட்கள் அள்ளிக்கொண்டு வருவார்கள், அப்போது முழுசாகவே வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார்கள். ஆகஸ்டில் நிக்சன் பதவி விலகிப் போனார். மில்ஸ் குழுவிலேயே ஆட்கள் இரண்டாகப் பிரிந்ததால் அவரும் கையை விரித்துவிட்டார். அக்டோபரில் மில்ஸ் ஒரு நடனக்காரியோடு காரில் மாட்டிக்கொண்டு பத்திரிகையில் சந்தி சிரித்தது. இவ்வளவும் கென்னடி தலையிலா?

கொள்ளிடத்தான்

மாமி, நிக்சனோடு ஒத்துப்போகாதது தன் பெரிய தவறுகளில் ஒன்று என்று பிற்காலத்தில் கென்னடியே வருத்தப்பட்டதாகத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். அவரே ஒத்துக்கொண்டதை நீங்கள் ஏன் மறுக்கிறீர்கள்?

அதோடு முடியவில்லை. 1978-ல் கார்ட்டர், அவர் கட்சி அதிபர், "பணவீக்கம் இருக்கிறது, காப்பீட்டைக் கட்டம் கட்டமாகச் செய்வோம்" என்றார். கென்னடி முறித்துக்கொண்டார். அந்த டிசம்பரில் மெம்ஃபிஸ் கட்சிக் கூட்டத்தில் காற்றை எதிர்த்துப் பாய்மரம் ஓட்டுவதைப் பற்றி முழங்கினார். கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது. 1980-ல் கார்ட்டரை எதிர்த்தே நின்றார், தோற்றார். அந்த வருஷம் ரேகன் வந்தார். தேசிய காப்பீடு என்ற பேச்சே அடங்கிப்போனது.

வக்கீல் குமாஸ்தா

இரண்டு பேரும் பெரிய மசோதாவிலேயே நிற்கிறீர்கள். எனக்கு முக்கியமான கென்னடி 1980-க்குப் பிறகு வந்தவர். அதிபர் பதவி இனி இல்லை என்று தெரிந்தபின் செனட்டையே பிழைப்பாக எடுத்துக்கொண்டார்.

1990-ல் எய்ட்ஸ் நோயாளிகளுக்கான ரையன் வைட் சட்டம். எய்ட்ஸ் என்று சொன்னாலே முகம் சுளித்த காலம் அது. செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் அதை எதிர்த்துச் சபையில் மல்லுக்கு நின்றார். கென்னடி பக்கத்தில் நின்றவர் யூட்டாவின் ஆரின் ஹேட்ச், கெட்டியான பழமைவாதி. அதே வருஷம் மாற்றுத்திறனாளிகள் சட்டம். அதைத் தூக்கிச் சுமந்தவர் செனட்டர் டாம் ஹார்கின். ஆனால் அதைக் கையாண்ட செனட் குழுவின் தலைவர் கென்னடி. 1996-ல் கான்சாஸின் குடியரசுக் கட்சி செனட்டர் நான்சி காஸபாமோடு சேர்ந்து, வேலை மாறினாலும் காப்பீடு அறுந்துபோகாத சட்டம். செனட்டில் 100-க்கு 0.

1997-ல் குழந்தைகள் காப்பீடு. மறுபடி ஹேட்ச். சிகரெட் பாக்கெட்டுக்கு 43 சென்ட் வரி போட்டு அந்தப் பணத்தில் குழந்தைகளுக்குக் காப்பீடு என்பது திட்டம். மே மாதம் செனட்டில் 55-45 என்று தோற்றது. தோற்கடிக்கச் சொன்னவர்களில் கிளின்டன் வெள்ளை மாளிகையும் ஒன்று, பட்ஜெட் ஒப்பந்தம் கெட்டுவிடுமாம். இரண்டு பேரும் விடவில்லை. ஆகஸ்டில் அதே பட்ஜெட் சட்டத்துக்குள்ளேயே 15 சென்ட் வரியோடு உள்ளே நுழைத்துவிட்டார்கள். ஐந்து வருஷத்துக்கு சுமார் 24 பில்லியன் டாலர்.

ஹேட்சுக்குப் பாட்டு எழுதும் பைத்தியம் உண்டு. நன்றாகப் பாடும் தன் உதவியாளரைக் கூட்டிக்கொண்டு போய், ஹேட்ச் எழுதிய பாட்டை ஹேட்ச் முன்னாலேயே பாடவைத்தார் கென்னடி. அப்புறம்தான் மசோதாப் பேச்சு. சபைக் குறிப்பில் வராத விவாதம் இதுதான். எதிர்க்கட்சிக்காரனை எப்படி மடக்குவது என்பதில் அவருக்கு நிகர் இல்லை.

சாக்பீஸ்

எல்லாம் சரி. கல்வியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் கென்னடி ரசிகர்களுக்குக் கஷ்டம்.

2002 ஜனவரி 8 அன்று புஷ் கையெழுத்திட்ட "நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்" சட்டம். செனட்டில் 87-10. அதை புஷ்ஷுக்குச் சுமந்து கொடுத்தவர் உங்கள் சிங்கம். 3 முதல் 8-ம் வகுப்புவரை வருஷா வருஷம் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு. 2014-க்குள் நூற்றுக்கு நூறு பிள்ளைகளும் தேற வேண்டும். நூற்றுக்கு நூறு! எந்த ஊரில் நடக்கும்? தேறாத பள்ளிக்கு அடுத்தடுத்து தண்டனை.

நான் அந்தக் காலத்தில் ஓர் அமெரிக்க அரசுப் பள்ளியில் கணக்கு எடுத்தேன். ஜனவரியானால் தலைமையாசிரியை ஒரு பட்டியல் தருவார். மஞ்சள் பேனாவால் கோடு போட்ட பெயர்கள் தேர்ச்சிக் கோட்டுக்கு ரெண்டு மூணு மார்க் கீழே இருப்பவர்கள். அவர்களை மட்டும் தள்ளிக் கரையேற்ற வேண்டும். நன்றாகப் படிக்கிறவனுக்கும் ஒன்றும் இல்லை, ரொம்பப் பின்தங்கியவனுக்கும் ஒன்றும் இல்லை. ஓவிய வகுப்பு வாரத்துக்கு ஒன்றாகச் சுருங்கியது. பின்தங்கிய பிள்ளையை விடக்கூடாது என்று பெயர் வைத்த சட்டம், அந்தப் பிள்ளையைத்தான் கோட்டுக்கு வெளியே விட்டது.

பாஸ்டன் மாமி

சாக்பீஸ் சார், உங்கள் பட்டியல் கதையை நம்புகிறேன். ஆனால் அதற்கு முன்னால் என்ன இருந்தது? பள்ளியின் சராசரி மார்க் நன்றாக இருந்தால் போதும், கறுப்பினப் பிள்ளைகளும் ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகளும் அந்தச் சராசரிக்குள்ளே காணாமல் போவார்கள். ஒவ்வொரு பிரிவின் கணக்கையும் தனியாக வெளியிடச் சொன்னது இந்தச் சட்டம்தான். கென்னடிக்கு வேண்டியிருந்தது அது. தருவதாகச் சொன்ன பணத்தை புஷ் தரவில்லை என்று பிறகு செனட்டில் காய்ச்சி எடுத்ததும் அவரேதான்.

சாக்பீஸ்

பணம் வருமா என்று பார்க்காமல் கை தூக்கியது யார்? தேர்வு சட்டத்தில் எழுதப்பட்டது, பணம் வாய்ப்பேச்சில் இருந்தது. 47 வருஷம் செனட்டில் இருந்த ஆளுக்கு இந்த வித்தியாசம் தெரியாதா? கடைசியில் 2015-ல் இரண்டு கட்சியும் சேர்ந்து அந்தத் தண்டனை முறையைத் தூக்கி எறிந்தன.

இன்னொன்று. 1974-ல் பாஸ்டனில் இன வேறுபாடு நீங்கப் பிள்ளைகளைப் பேருந்தில் வேறு பேட்டைப் பள்ளிக்கு அனுப்பச் சொன்ன நீதிமன்ற ஆணையை ஆதரித்தார். தைரியம்தான், செப்டம்பரில் கூட்டம் அவர்மேல் தக்காளி வீசி விரட்டியது. ஆனால் அவர் பிள்ளைகள் படித்தது தனியார் பள்ளியில். அந்தக் கூட்டத்தின் கோபத்தில் இனவெறியும் இருந்தது, இந்த நியாயமும் இருந்தது.

எட்டிப்பார்த்தவன்

சாப்பக்விடிக் பற்றி ஒருத்தரும் பேசலையே? 1969-ல் காரை ஓடைக்குள் விட்டு ஒரு பெண் செத்தாள். பத்து மணி நேரம் கழித்துத்தான் போலீசுக்குச் சொன்னார்.

வக்கீல் குமாஸ்தா

அது மறக்கக்கூடிய விஷயம் இல்லை. அவர் அதிபர் ஆகாததற்குப் பெரிய காரணமும் அதுவே. இந்த இழை அவர் கொண்டுவந்த சட்டங்களைப் பற்றியது. தனி இழை போடுங்கள், வருகிறேன்.

பாஸ்டன் மாமி

பேச்சால் ஒன்றும் நடக்கவில்லை என்றவருக்கு இரண்டு சம்பவம்.

2007 ஜனவரி. மணிக்கு 5.15 டாலர் என்ற குறைந்தபட்சக் கூலி பத்து வருஷமாக அசையவில்லை. குடியரசுக் கட்சியினர் திருத்தம் மேல் திருத்தமாகக் கொண்டுவந்து இழுத்தடித்தார்கள். அவர் எழுந்து, உழைக்கிறவன் மேல் உங்களுக்கு அப்படி என்ன வெறுப்பு, உங்கள் பேராசைக்கு எப்போதுதான் முடிவு என்று கத்திய கத்தலில் சபையே அதிர்ந்தது. மே மாதம் சட்டமாயிற்று: படிப்படியாக 7.25.

2008 ஜூலை 9. மூளையில் கட்டி என்று மே மாதம்தான் தெரிந்தது. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் டாக்டர்களின் கட்டணத்தில் 10.6 சதவீத வெட்டை நிறுத்தும் மசோதா, செனட்டில் விவாதத்தை முடிக்கத் தேவையான 60 வாக்கு எட்டாமல் ஜூனில் விழுந்திருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் வந்து உள்ளே நுழைந்தார். இரண்டு கட்சியும் எழுந்து நின்று தட்டியது. அவர் "ஆம்" சொன்னதும் ஒன்பது குடியரசுக் கட்சிக்காரர்கள் பக்கம் மாறினார்கள். 69-30. அன்றைக்கு அவர் சொற்பொழிவு எதுவும் ஆற்றவில்லை.

இன்னொன்று, இங்கே உட்கார்ந்து அவரைத் திட்டுகிற நம்மில் பாதிப் பேர் அமெரிக்கா வந்ததே 1965 குடியேற்றச் சட்டத்தால். செனட்டில் அதை நடத்திக் கொடுத்தவர் அவர். நாட்டின் இனக்கலவை மாறாது என்று அப்போது வாக்குறுதி வேறு கொடுத்தார். நம் ஆட்கள் நிறைந்த நியூ ஜெர்சி எடிசன் ஊர்ப் பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்தால் தெரியும் எவ்வளவு மாறவில்லை என்று.

கொள்ளிடத்தான்

7.25-ஐ நீங்களே சொன்னதால் கேட்கிறேன். 2009 ஜூலையில் வந்த அந்த 7.25 அதற்கப்புறம் ஏறவே இல்லை. விலைவாசியோடு தானாக ஏறும்படி சட்டத்தில் ஒரு வாசகம் எழுதியிருந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு சிங்கம் வந்து கர்ஜிக்க வேண்டியிருக்காது.

வக்கீல் குமாஸ்தா

அந்த வாசகத்தைச் சேர்த்திருந்தால் அந்த செனட்டில் மசோதாவே தேறியிருக்காது, கொள்ளிடத்தாரே. 1974-ல் கிடைத்ததை வாங்கவில்லை என்று திட்டுகிறீர்கள், 2007-ல் கிடைத்ததை வாங்கினார் என்றும் திட்டுகிறீர்கள். ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்கள்.

ஒபாமா சட்டத்தையே எடுங்கள். 2009 ஜூலை 15 அன்று அவர் குழுவில் 13-10 என்று முதலில் வெளியே வந்தது. அவர் வீட்டில் படுத்திருந்தார், சக செனட்டர் கிறிஸ் டாட் நடத்தினார். தான் செத்தால் இடம் காலியாகி 60 வாக்கு உடையும் என்று தெரிந்து, கவர்னரே இடைக்கால செனட்டரை நியமிக்கும்படி சட்டத்தை மாற்றச் சொல்லித் தன் மாநிலமான மாசசூசெட்ஸின் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார். செப்டம்பரில் மாற்றினார்கள், பால் கிர்க் வந்தார். டிசம்பர் 24 காலை செனட்டில் 60-39 என்று தேறியது. ஜனவரி 19 இடைத்தேர்தலில் அந்த இடம் குடியரசுக் கட்சி ஸ்காட் பிரவுனிடம் போய்விட்டது. நாலு வாரம்கூட இடைவெளி இல்லை.

கொள்ளிடத்தான்

அந்தக் கவர்னர் அதிகாரத்தை 2004-ல் பறித்ததே அவர் கட்சிதான், அப்போது கவர்னர் குடியரசுக் கட்சி ராம்னி என்பதால். தேவைப்பட்டபோது பறித்தார்கள், தேவைப்பட்டபோது திருப்பிக் கொடுத்தார்கள். கெட்டிக்காரத்தனம், மறுக்கவில்லை.

ஒரு பக்கம் நில் என்றீர்களே, நிற்கிறேன். 1974 முழு வீடு, 2007 ஒட்டுப்போட்ட கூரை. முழு வீடு கிடைத்த நாளில் இன்னும் பெரிசு கேட்டவர், பிறகு ஆயுசு முழுக்க ஒட்டுப்போட்டார். 2010 சட்டத்திலும் அவர் ஆசைப்பட்டுச் சேர்த்த பகுதி ஒன்று உண்டு: முதுமையிலும் ஊனத்திலும் வீட்டுப் பராமரிப்புக்கு உதவும் "கிளாஸ்" காப்பீடு. விருப்பப்பட்டவர் மட்டும் சேரலாம் என்று வைத்தார்கள். நோயாளிகள் மட்டுமே சேருவார்கள், பணம் தாங்காது என்று 2011-ல் ஒபாமா நிர்வாகமே கைவிட்டது. 2013 ஜனவரியில் ரத்து. எல்லோரும் சேர்ந்தாக வேண்டும் என்று எழுதாமல் எந்தக் காப்பீடும் நிற்காது. 1971-லிருந்து அதைச் சபையில் சொல்லிக்கொண்டிருந்தவரே அவர்தான்.