காவித் தரை வெளிச்சத்தை விழுங்குகிறதாம்!

குடந்தைவாசி:
வீட்டு அலங்கார வீடியோ ஒன்றில் ஒருவர் அடித்துச் சொல்கிறார்: ரெட் ஆக்ஸைடு தரை, அதாவது சிமெண்டில் காவிப் பொடி கலந்து இழைத்த சிவப்புத் தரை, வெளிச்சத்தை விழுங்கிவிடுமாம், அதைப் பெயர்த்துவிட்டு வெள்ளை டைல்ஸ் போட்டால் கூடம் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியுமாம். கேட்டதிலிருந்து வயிற்றெரிச்சல். எங்களுடையது கும்பகோணத்தில் வரிசை வீடு, இருபுறமும் பொதுச்சுவர். கூடம் 12 அடிக்கு 18 அடி. பகலிலும் விளக்குப் போட்டால்தான் பேப்பர் படிக்க முடியும் என்பது உண்மை. ஆனால் தாத்தா போட்ட அந்தத் தரையில், ஓரத்துக் கருப்புப் பட்டைகூட இன்னும் மங்கவில்லை. மகன் பெயர்த்தே தீருவேன் என்கிறான். புதன்கிழமை மேஸ்திரி வருகிறார். என்ன சொல்லட்டும்?

சாரக்கட்டு:
விழுங்குவதற்குத் தரைக்கு வாயா இருக்கிறது? சாரத்தில் நின்றே தலை நரைத்தவன் சொல்கிறேன், தரையால் எந்த வீடும் இருண்டதில்லை. வரிசை வீட்டுக்கு வெளிச்சம் தருவது முற்றம். உங்கள் முற்றம் என்ன ஆயிற்று? அதை மறைத்துவிட்டுத் தரையைப் பற்றிப் பேசுகிறீர்களே.

குடந்தைவாசி:
மறைக்கவில்லை ஐயா. அப்பா அதைக் கான்கிரீட் போட்டு மூடிவிட்டார். குரங்குத் தொல்லை, மழைச் சாரல், திருட்டுப் பயம். இப்போது அதன் மேல்தான் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது.

சாரக்கட்டு:
அப்படிச் சொல்லுங்கள்! முற்றத்தை அடைத்தவர்கள் தரைமேல் பழி போடக் கூடாது. வழக்கு முடிந்தது.

வண்ணத்துளி:
தீர்ப்பு எழுத உங்களை யார் அமர்த்தினார்கள்? முற்றத்தை மூடியது தவறுதான், யாரும் மறுக்கவில்லை. அதற்காகத் தரைக்கும் வெளிச்சத்துக்கும் தொடர்பே இல்லை என்பதா? வாசல் வழியாகவும் சன்னல் வழியாகவும் வரும் பகல் வெளிச்சத்தில் பெரும்பகுதி முதலில் விழுவது தரையில். அங்கிருந்து எழும்பித்தான் மச்சுக்கும் உள்சுவருக்கும் போகிறது. ஒரு நிறம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் எவ்வளவைத் திருப்பித் தரும் என்பதற்குப் பெயிண்ட் நிறுவனங்கள் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் தருகின்றன. கன்னங்கருப்புக்கு 0, முழு வெண்மைக்கு 100. நல்ல வெள்ளை 80க்கு மேல் நிற்கும். ரெட் ஆக்ஸைடு 20ஐத் தொட்டாலே அதிகம். விழுந்ததில் ஐந்தில் நான்கு பங்கு திரும்பி வராவிட்டால் அது எங்கே போயிற்றாம்? இது என் தொழில், சார்.

சாரக்கட்டு:
எண்ணைக் காட்டி மிரட்ட வேண்டாம். நன்றாக இழைத்த ரெட் ஆக்ஸைடு தரையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் சன்னல் கம்பி ஒவ்வொன்றும் அதில் தெரியும். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எல்.ஆர்.வி.யைப் பார்த்ததில்லை. தரை விழுங்காது.

வண்ணத்துளி:
பளபளப்பு வேறு, வெளிச்சம் வேறு. கருப்பு கிரானைட் மேடையும்தான் பளபளக்கிறது, சமையலறை அதனால் விடிந்துவிட்டதா?

அடிக்கோல்:
பெரிதாகத் தெரிவது என்றால் என்ன என்று முதலில் வரையறுத்துக்கொண்டு பேசலாமே. வெளிச்சம் ஒன்று, விசாலம் இன்னொன்று. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறீர்கள்.

சாரக்கட்டு:
வரையறையைக் கல்லூரியில் வைத்துக்கொள்ளுங்கள். தரை விழுங்குமா விழுங்காதா என்பதுதான் கேள்வி. விழுங்காது.

பெரியகோலம்:
டைல்ஸ் போடச் சொல்பவர்கள் யாராவது அதைத் துடைத்திருக்கிறார்களா? எங்கள் வீட்டில் பழைய தரையைப் பெயர்த்து இரண்டடிக்கு இரண்டடி வெள்ளை விட்ரிஃபைட் டைல்ஸ் போட்டோம். உதிர்ந்த ஒற்றைத் தலைமுடிகூட வாசலில் நிற்பவர் கண்ணில் படுகிறது. ஈரக்காலோடு நடந்தால் தடம் காய்ந்து அப்படியே நிற்கிறது. இடுக்குகளில் தேய்த்த வெள்ளைச் சிமெண்ட் ஒரு மழைக்காலத்தில் காப்பி நிறமாகிவிட்டது. பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து தேய்ப்பது நான்தான், அலங்காரம் செய்தவர் அல்ல. வெளிச்சம் வந்ததா என்றால், வந்தது. மத்தியானம் கண் கூசுகிறது.

வண்ணத்துளி:
"வந்தது" என்று நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள், நன்றி அம்மா. இடுக்கு கறுத்தது போட்டவர் குற்றம். வெள்ளைச் சிமெண்டுக்குப் பதில் கறை பிடிக்காத எபாக்ஸி பிசின் அடைத்திருக்க வேண்டும். கூச்சம் வேண்டாமென்றால் பளபளக்காத மேட் டைல்ஸ் இருக்கிறது, சந்தன நிறம் இருக்கிறது. வெள்ளைவெளேரென்றுதான் போட வேண்டும் என்று நான் எங்கே சொன்னேன்?

பெரியகோலம்:
எபாக்ஸி விலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்தவர் பணம் என்றால் எல்லாம் எளிது.

சாரக்கட்டு:
சகோதரி கேட்பது நியாயம். யாருக்கு எவ்வளவு கமிஷன் என்று டைல்ஸ் கடைக்காரரைத் தனியாகக் கேட்டால் தெரியும்.

வண்ணத்துளி:
கமிஷனா? 1000 லிட்டர் தொட்டி நிரம்பினால் 500 கிலோதான் இருக்கும் என்று தண்ணீர்த் தொட்டி விவாதத்தில் எழுதியவர் என் கணக்கைக் கேட்கிறார். நல்ல காலம்தான்.

சாரக்கட்டு:
அது தட்டச்சுப் பிழை என்று அப்போதே சொல்லிவிட்டேன். அதையே சொல்லிச் சொல்லி எவ்வளவு நாள் வயிறு வளர்ப்பீர்கள்?

நிலைவாசல்:
முற்றம் இருக்கும் இடம் பிரம்மஸ்தானம், வாஸ்துப்படி வீட்டின் நடு இடம். அதன் மேல் பாரம் ஏற்றிவிட்டு வெளிச்சத்தைத் தேடினால் எப்படி வரும்? தரையின் நிறம் எல்லாம் அப்புறம்.

சாரக்கட்டு:
சாமி, இது கட்டட விஷயம். உங்களுக்குத் தனி இழை இருக்கிறது.

அடிக்கோல்:
ஒரு உருப்படியான அளவு சொல்கிறேன். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, அறையின் தரைப் பரப்பில் வறண்ட வெப்பப் பகுதிக்குப் பத்தில் ஒரு பங்கும், ஈர வெப்பப் பகுதிக்கு ஆறில் ஒரு பங்கும் திறப்பு வேண்டும் என்கிறது. கூடம் 216 சதுர அடி. கும்பகோணத்தை வறண்ட வெப்பமாக எடுத்துக்கொண்டாலே ஏறத்தாழ 22 சதுர அடி வேண்டும்.

சாரக்கட்டு:
கும்பகோணம் வறண்ட வெப்பமா? காவிரிப் பாசனத்தில் கிடக்கிற ஊர், ஐப்பசியில் துவைத்த வேட்டி காயாத ஊர்! ஆறில் ஒரு பங்கு, 36 சதுர அடி. ஊரையே பார்க்காதவர்கள் விதி பேசினால் இப்படித்தான்.

அடிக்கோல்:
"எடுத்துக்கொண்டாலே" என்று எழுதியிருக்கிறேன். தமிழ் படிக்கத் தெரியுமா?

குடந்தைவாசி:
இருவரும் மன்னிக்கவும். வாசல் கதவைத் திறந்து வைத்தால் 21 சதுர அடி வரும், திறந்து வைக்க முடியாது. புதன்கிழமை மேஸ்திரியிடம் என்ன சொல்வது?

சாரக்கட்டு:
எழுதிக்கொள்ளுங்கள். தொட்டியை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். முற்றத்துக் கான்கிரீட்டை எடுத்துவிட்டு, நாலு பக்கமும் முக்கால் அடி உயரத்துக்கு விளிம்புச் சுவர் எழுப்பி இரும்புச் சட்டம் பொருத்துங்கள். அதற்கு மேல் உடைந்தாலும் சிதறி விழாத லேமினேட்டட் கண்ணாடி, சரிவாக. அடியில் கம்பி வலை. கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்றுப் போக இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் சித்திரையில் கூடம் சூளையாகிவிடும். பாலிகார்பனேட் தகடு மலிவு என்பார்கள், கேட்காதீர்கள், வெயிலில் மஞ்சளித்துவிடும். தரையை மட்டும் தொடாதீர்கள். பெயர்த்தால் போயிற்று, ஓரத்தில் ஒட்டுப் போட்டாலே பழைய சிவப்போடு புதுச் சிவப்பு சேராது. தரை விழுங்காது.

வண்ணத்துளி:
எடுத்துவிடுங்கள் என்று சாதாரணமாகச் சொல்கிறார்! அந்தக் கான்கிரீட் எந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கிறது, கம்பி எப்படி ஓடுகிறது என்று பொறியாளர் பார்க்காமல் அறுப்பதா? சுற்றிலும் பழைய சுண்ணாம்புச் சுவர். 1000 லிட்டர் 500 கிலோ என்று நினைக்கிறவர் சொல்லை நம்பி யாரும் கை வைக்காதீர்கள். செலவில்லாத வழி இருக்கிறது. மச்சில் தேக்குக் கட்டைகளுக்கு நடுவே உள்ள செங்கல் வரிசைக்கும் சுவருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். சன்னலில் அப்பிய கொசுவலையைக் கழற்றிக் கழுவுங்கள். தூசி படிந்த வலை தடுக்கும் வெளிச்சம் கொஞ்சமில்லை. சன்னலை மறைக்கும் பீரோவை நகர்த்துங்கள். பிறகும் போதாவிட்டால் தரை.

சாரக்கட்டு:
தேக்குக் கட்டைக்கு வெள்ளை அடிக்கச் சொல்கிறாரே, கேட்பார் இல்லையா?

வண்ணத்துளி:
கட்டைகளுக்கு "நடுவே" என்று எழுதியிருக்கிறேன். அடிக்கோல் கேட்டதை நானும் கேட்கிறேன்.

சாரக்கட்டு:
சுண்ணாம்பு உதிரும் என்று நாளைக்கு எமல்ஷன் அடிக்கச் சொல்வீர்கள். ஈரம் மூச்சு விட வழியில்லாமல் பொருக்குப் பொருக்காக உரியும். பார்த்தவன் சொல்கிறேன்.

வண்ணத்துளி:
நான் சொல்லாததற்கெல்லாம் பதில் சொல்வதே உங்கள் வேலையாகிவிட்டது. சொன்னதற்குப் பதில் இல்லை. அந்தத் தரை வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறதா இல்லையா?

சாரக்கட்டு:
தரை விழுங்காது. வெளிச்சமே உள்ளே வராத வீட்டில் அது எதைத் திருப்பித் தரும்?

நிலைவாசல்:
இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன். தனி இழைக்குப் போ என்றார்கள்.

குடந்தைவாசி:
மகன் இதையெல்லாம் படித்துவிட்டு, வண்ணத்துளி சொன்ன சந்தன நிற டைல்ஸுக்கு விலை கேட்டு வந்துவிட்டான்.

சாரக்கட்டு:
பார்த்தீர்களா, ஒரு வீடு போயிற்று. கமிஷன் எங்கே போகும் என்று இப்போது தெரிகிறதா?

வண்ணத்துளி:
நான் இருப்பது கோயம்புத்தூரில். அவர் வாங்குவது கும்பகோணத்தில். இதிலும் உங்கள் 500 கிலோ கணக்குத்தானா?

பெரியகோலம்:
எபாக்ஸி கிலோ என்ன விலை என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.