ஒரே பொண்ணு கன்னியர் மடம் போகிறேன் என்கிறாள்: அனுப்பலாமா, பொறுக்கச் சொல்லலாமா?

நொய்யல்கரை:
வணக்கமுங்க. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். ஒரே பொண்ணு, 21 வயது, பி.காம். முடித்துவிட்டாள். மே மாதம், துறவற வாழ்க்கையைப் பற்றி எடுத்துச் சொல்கிற இறையழைத்தல் முகாமுக்குப் போய் வந்ததிலிருந்து மடத்தில் சேர்கிறேன் என்று உறுதியாக நிற்கிறாள். எங்கள் வீட்டில் ஜெபமாலை சொல்லாமல் ராத்திரி சோறு கிடையாது. அக்டோபரில் கருமத்தம்பட்டி மாதா திருவிழாவுக்கு நடந்தே போகிறவர்கள் நாங்கள். கடவுளுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். என் அப்பாரு காலத்தில் வீட்டுக்கு ஆறு பிள்ளைகள். அதில் ஒன்று மடத்துக்கும் ஒன்று குருமடத்துக்கும் போனால் மிச்சம் நாலு இருக்கும். இன்றைக்கு எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு.

நான் கேட்பது இவ்வளவுதான். ரெண்டு வருஷம் வேலைக்குப் போகட்டும். எங்கள் பங்குக் கோயிலில், ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் தே பவுல் சபையிலோ இளைஞர் இயக்கத்திலோ சேர்ந்து சேவை செய்து பார்க்கட்டும். அப்புறமும் அதே எண்ணம் இருந்தால் நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருகிறேன். சேவைதானே வேண்டும்? அதை வீட்டிலிருந்தே செய்யலாமே. இதில் என்ன தப்பு?

ஈரோடு மறைக்கல்வி டீச்சர்:
அண்ணா, உங்கள் மனசு புரிகிறது. ஆனால் "சேவைதானே வேண்டும்" என்ற இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. பள்ளிக்கூடத்து சிஸ்டரையும் ஆஸ்பத்திரி சிஸ்டரையுமே பார்த்துப் பழகியதால், மடம் என்றால் வேலைக்குச் சேர்கிற இடம் மாதிரி நினைத்துவிடுகிறோம். கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்று வார்த்தைப்பாடு கொடுத்துத் தன்னையே கடவுளிடம் ஒப்படைக்கிற வாழ்க்கை அது. பாடம் எடுப்பதும் மருந்து கொடுப்பதும் அதற்குப் பிறகுதான். குழந்தை தெரேசம்மாள் 1888-ல் 15 வயதில் கார்மேல் மடத்துக்குள் போனார். 24 வயதில் இறக்கும்வரை அந்த அடைப்புக்குள்தான் இருந்தார். எந்த மிஷன் நாட்டையும் பார்க்காத அவரைத்தான் 1927-ல் மறைபரப்புப் பணிக்குப் பாதுகாவலியாகத் திருச்சபை அறிவித்தது.

சோதித்துப் பார்க்க இரண்டு வருஷம் என்கிறீர்கள். திருச்சபைச் சட்டம் வைத்திருக்கிற சோதனை அதைவிட நீளம். நவதுறவு என்கிற பயிற்சிக் காலம் குறைந்தது 12 மாதம். அப்புறம் தற்காலிக வார்த்தைப்பாடு மூன்று வருஷத்துக்குக் குறையக் கூடாது. அந்தக் காலம் முடிகிறபோது வேண்டாம் என்று தோன்றினால் தாராளமாக வீட்டுக்கு வந்துவிடலாம். இறுதி வார்த்தைப்பாடு அதற்கும் பிறகுதான். இவ்வளவும் இருக்கும்போது உங்கள் இரண்டு வருஷம் எதற்கு? உள்ளதைச் சொல்லுங்கள் அண்ணா, அந்த ரெண்டு வருஷத்தில் வரன் பார்க்க மாட்டீர்களா?

சோமனூர் தறி:
ரெண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். நான் விசைத்தறி ஓட்டுகிறவன். 18 வருஷமாக எங்கள் பங்கு வின்சென்ட் சபையில் இருக்கிறேன். அண்ணன் அந்தச் சபையை மகளைச் சோதித்துப் பார்க்கிற இடமாக நினைக்கிறார். டீச்சர் பேச்சைக் கேட்டால், குடும்பம் நடத்துகிறவன் செய்வதெல்லாம் ஒரு படி கீழே என்று படுகிறது. இரண்டும் எனக்கு வலிக்கிறது.

அந்தச் சபையை 1833-ல் பாரிஸில் தொடங்கிய ஓசனாம் அப்போது 20 வயது மாணவர். பின்னால் பேராசிரியர் ஆனார், கல்யாணம் செய்தார், ஒரு பெண் குழந்தைக்கு அப்பா ஆனார். 1997-ல், புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான அருளாளர் பட்டம் கொடுத்தார்கள். நம் நாட்டில் குருவோ துறவியோ அல்லாத பொதுநிலையினரிலிருந்து வந்த முதல் புனிதர் தேவசகாயம். 2022-ல் பட்டம் கிடைத்தது. அவரும் மனைவியோடு வாழ்ந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் உத்தியோகம் பார்த்தவர்தான்.

எங்கள் சபைக் கூட்டம் முடிகிறபோது ஒரு பை சுற்றிவரும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் காசை எடுத்துக்கொண்டு இரண்டு இரண்டு பேராக வீடுகளுக்குப் போவோம். நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று சொல்லி, மூன்று வருஷம் முடிந்தால் கல்யாணத்துக்குத் தொகை தருகிறோம் என்று வெளியூர்ப் பெண் பிள்ளைகளைக் கூட்டிவந்து விடுதியில் அடைத்து வைத்திருந்த காலம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எங்கள் பக்கத்து மில் ஒன்றில் சிஸ்டர்களை கேட்டுக்கு உள்ளேயே விடவில்லை. எந்தப் பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், எந்தப் பிள்ளை ராத்திரி அழுகிறது என்று பக்கத்து மிஷினில் நின்றவளுக்குத்தான் தெரியும். அந்தப் பக்கத்து மிஷினில் நின்றவள் என் மனைவி.

பாப்பா பி.காம். படித்திருக்கிறாள். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து திருப்பூரில் வேலை செய்கிற எத்தனையோ பேருக்கு பி.எஃப். பணத்தை எடுக்க ஒரு படிவம் நிரப்பத் தெரியாது. அந்த வேலைக்கு ஆள் வேண்டும், வாழ்நாள் முழுக்க வேண்டும். அவள் வெளியில் இருப்பதுதான் நல்லது என்பேன்.

ஈரோடு மறைக்கல்வி டீச்சர்:
தறி அண்ணா, உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஒரு படி கீழே என்று நான் நினைக்கவில்லை. உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் திருச்சபையைப் பற்றித் தந்த ஏட்டில் ஐந்தாம் அதிகாரம், புனித வாழ்வுக்கு எல்லாருக்கும் அழைப்பு உண்டு என்கிறது. நான் மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான். ஆனால் அடுத்த அதிகாரம் துறவியரைப் பற்றியது. ஐந்தைப் படித்துவிட்டு ஆறை மூடிவைக்க முடியாது. கூட்டம் முடிந்ததும் நீங்கள் வீட்டுக்குப் போகிறீர்கள். போகத்தான் வேண்டும், பிள்ளைகள் காத்திருப்பார்கள். போக வேறு வீடே இல்லாமல், இதுதான் என் வீடு என்று இருக்கிற ஆட்களும் திருச்சபைக்கு வேண்டும்.

சோமனூர் தறி:
வீட்டுக்குப் போவதும் அழைத்தல்தான் டீச்சர்.

தாராபுரம் வாத்தியார்:
இடையில் ஒரு வார்த்தை. புனித தாமஸ் அக்குவினாஸ் துறவற சபையில் சேர்ந்ததும் அவர் வீட்டாரே வழியில் மடக்கிப் பிடித்து ஒரு வருஷம்போலக் கோட்டையில் அடைத்து வைத்தார்கள். மனசு மாறும் என்று பார்த்தார்கள், மாறவில்லை. அதே தாமஸ் பிற்காலத்தில், பெற்றோருக்குப் பிள்ளையை விட்டால் வேறு ஆதரவே கிடையாது என்ற நிலை இருந்தால் அவர்களை விட்டுவிட்டு மடத்துக்குப் போகக் கூடாது என்று எழுதினார். ஆகவே ஒரே பொண்ணு என்பது மட்டும் தடை ஆகாது. உங்களுக்கு வீடு, வருமானம், உடம்பு எல்லாம் சரியாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வீட்டிலும் வேலையிலும் இருந்துகொண்டே கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதலை ஏற்று வாழ்கிற சபைகளும் உண்டு. போப்பாண்டவர் 12-ஆம் பயஸ் 1947-ல் அவற்றுக்கு முறையான இடம் கொடுத்தார். நம் பங்குகளில் அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை, அதனால் பிள்ளைகளுக்கு இரண்டே வழிதான் தெரிகிறது.

திரும்பி வந்தவள்:
கோபிப் பக்கம் என் ஊர். முதல் வார்த்தைப்பாடு கொடுத்து ஐந்து வருஷம் சிஸ்டராக இருந்துவிட்டு வந்தவள். எந்தச் சபை என்று சொல்ல மாட்டேன், அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. டீச்சர் சொன்ன சட்டம் சரி. காலம் முடிந்ததும் வந்துவிடலாம், யாரும் கதவை அடைப்பதில்லை. ஆனால் மடத்துக் கதவைத் தாண்டுவது எனக்குக் கஷ்டமாக இல்லை. ஊர்க் கதவுதான் திறக்கவில்லை.

ஒரே ஒரு பையோடு சத்தி பஸ்ஸில் வந்து இறங்கினேன். முன்பு சிஸ்டர் என்று எழுந்து நின்றவர்கள் "என்னாச்சு அம்மிணி, என்ன தப்பு பண்ணினே" என்று கேட்டார்கள். அம்மா ஆறு மாதம் கோயிலுக்கு முதல் பூசைக்கு மட்டும் போனாள், இருட்டோடு போய் இருட்டோடு வந்துவிடலாம் என்று. எனக்கு அழைத்தல் இல்லை என்று மூன்றாம் வருஷமே தெளிவாகத் தெரிந்துவிட்டது. வீட்டை நினைத்துத்தான் இன்னும் இரண்டு வருஷம் சொல்லாமல் இருந்தேன். அந்த இரண்டு வருஷம் என் ஜெபம் பொய்யாகத்தான் இருந்தது. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது, ஊர் பேசியது உறுத்தவில்லை.

இன்னொன்றும் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சபையை விட்டு வருகிறவர் அங்கே செய்த வேலைக்கு எதையும் கேட்க முடியாது என்பது சட்டம். ஆனால் அதே சட்டம், பிரிந்து போகிறவரிடம் நியாயத்தோடும் அன்போடும் நடக்க வேண்டும் என்று சபைக்கும் சொல்கிறது. கையில் என்ன தருவீர்கள், படித்த படிப்புச் சான்றிதழ் யாரிடம் இருக்கும் என்று சேரும்போதே கேளுங்கள். நல்ல சபை என்றால் முகம் சுளிக்காமல் பதில் சொல்லும்.

அதனால் அண்ணா, ரெண்டு வருஷம் பொறு என்று சொல்வதைவிட, "பிடிக்கவில்லை என்றால் நடுராத்திரி ஆனாலும் போன் பண்ணு, நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன், ஊருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்" என்று சொல்லி அனுப்புங்கள். எனக்கு அப்படி யாராவது சொல்லியிருந்தால் மூன்றாம் வருஷமே உண்மையைச் சொல்லியிருப்பேன். ஒருவேளை பயம் இல்லாததால் அங்கேயே நிலைத்திருக்கவும் கூடும், யார் கண்டது. இப்போது ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். நவதுறவில் வேதாகமத்தை உட்கார்ந்து படித்த அந்த ஒரு வருஷம்தான் இன்றைக்கும் என் கையிருப்பு.

ஈரோடு மறைக்கல்வி டீச்சர்:
தங்கச்சி, முகாம்களில் போகிறவர்களைப் பற்றி மட்டும்தான் பேசுகிறோம். வந்தவர்களையும் கூப்பிட்டுப் பேசவைக்க வேண்டும் என்று எங்கள் பங்குத்தந்தையிடம் கேட்கப் போகிறேன். ஆனால் பாப்பாவை நிறுத்தி வைக்கக் கூடாது என்பதில் நான் மாறவில்லை.

சோமனூர் தறி:
நானும் மாறவில்லை. இருந்தாலும் அவள் போகிறது என்று முடிவானால், போகிற நாள் காலையில் எங்கள் சபையிலிருந்து பூசை வைக்கிறோம் அண்ணா. தகவல் கொடுங்கள்.

நொய்யல்கரை:
நேற்று ராத்திரி தங்கச்சி எழுதியதை வீட்டுக்காரிக்கும் பாப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். வரன் விஷயம் உண்மைதான் டீச்சர், ரெண்டு இடம் மனசில் இருந்தது. பாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "நிஜமாகவே வந்து கூட்டிக்கொண்டு போவீங்களாப்பா" என்று கேட்டாள். போவேன் என்றேன். ரெண்டு வருஷம் வேண்டும் என்ற என் எண்ணம் இன்னும் போகவில்லை. வருகிற ஞாயிறு மூன்று பேருமாகப் போய் மடத்துத் தலைவி மதர் சிஸ்டரைப் பார்க்கிறோம். தங்கச்சி, வேறு என்ன கேட்க வேண்டும்?

திரும்பி வந்தவள்:
வருஷத்துக்கு எத்தனை நாள் வீட்டுக்கு விடுவீர்கள், அப்பா அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் தீர்மானிப்பது, இந்த இரண்டையும் கேளுங்கள் அண்ணா. கேட்கும்போது பாப்பா பக்கத்தில் இருக்கட்டும்.