சனி இரவு 1 மணி வரை மது விற்க: இங்கிலாந்தில் தற்காலிக அனுமதி, 12 நாள்தான் இருக்கு

கடைக்காரன்:
ரெஸ்டோரண்டுக்கு இரவு 11 மணி வரை மது விற்க லைசன்ஸ் இருக்கு. அடுத்த கிழமை சனி கல்யாண பார்ட்டி, 180 பேர், டிஜே, 1 மணி வரை. இன்றைக்குத் திங்கள். மது விற்க என் பேரில் பெர்சனல் லைசன்ஸும் இருக்கு. டெம்பரரி ஈவென்ட் நோட்டீஸ் (தற்காலிக நிகழ்வுக்கான அறிவித்தல்) இனிப் போடலாமா?

நீலத்தாள்:
சாதாரண நோட்டீஸுக்கு நேரம் போயிட்டுது. 10 வேலைநாள் வேணும். கவுன்சிலுக்குக் கிடைச்ச நாளும் விழா நாளும் கணக்கில்லை. சனிக்கிழமை விழாவுக்கு 15 நாள் முந்தின வெள்ளிதான் கடைசி. லேட் நோட்டீஸுக்கு 5 வேலைநாள் போதும், இந்த வெள்ளிக்குள்ள கிடைக்கோணும். இடையில் வங்கி விடுமுறை வந்தால் வியாழன். கட்டணம் 21 பவுண். ஒன்லைனில் போட்டால் பொலிஸுக்கும் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்கும் கவுன்சிலே அனுப்பும். தபாலில் என்றால் மூன்று இடத்துக்கும் நீங்கள்தான்.

பின்கதவு:
அண்ணை, லேட் நோட்டீஸில் பொலிஸ், சுகாதாரப் பிரிவு இரண்டு பேரில் ஒருவர் 3 வேலைநாளுக்குள்ள ஆட்சேபித்தாலே கதை முடிஞ்சுது. விசாரணையும் இல்லை, நேரத்தைக் குறைச்சுப் பேசி முடிக்கவும் ஏலாது. அதனால போட முதலே இரண்டு பேரோடும் கதையுங்கோ: கதவு ஜன்னல் எத்தனை மணிக்குச் சாத்துவீங்கள், வாசலில் சிகரெட் கூட்டத்தை யார் பார்ப்பார். அயலவர் முறைப்பாடு பெரும்பாலும் அந்த வாசல் சத்தத்தாலதான்.

படிவத்தில் மது மட்டும் டிக் பண்ணிப்போட்டு விடாதேங்கோ. 11க்குப் பிறகு டிஜேக்கு பொழுதுபோக்குப் பெட்டியும், சூடான சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் லேட் நைட் ரிஃப்ரெஷ்மென்ட் பெட்டியும் வேணும். பிளானிங் அனுமதியில் 11.30க்கு மூடோணும் என்று இருந்தால் இந்த நோட்டீஸ் அதை மாற்றாது, அதையும் பாருங்கோ.

கடைக்காரன்:
நன்றி. இதையே ஒவ்வொரு சனியும் செய்யலாமா?

நீலத்தாள்:
ஏலாது. ஒரு இடத்துக்கு வருடத்தில் 15 நோட்டீஸ், மொத்தம் 21 நாள். சனி இரவு 11 முதல் ஞாயிறு 1 மணி என்றால் அது இரண்டு நாள், ஆக 10 சனியோட முடிஞ்சிடும். பெர்சனல் லைசன்ஸ்காரருக்கு வருடம் 50, அதில் லேட் 10தான். நிரந்தரமா வேணுமென்றால் லைசன்ஸை மாற்ற முழு விண்ணப்பம்: 28 நாள் வாசலில் வெளிர்நீல அறிவித்தல், உள்ளூர் பேப்பரில் விளம்பரம். மைனர் வேரியேஷன் (சின்ன மாற்றத்துக்கான விண்ணப்பம்) மலிவு என்று அதில் போகாதேங்கோ. இரவு 11க்குப் பிறகு மது நேரத்தை அதில் கூட்ட விடமாட்டினம்.