புதுப்பிப்பு: 4 டிபி வால்யூமின் இரண்டாவது காப்பி ஏன் நகரவில்லை

ஐபிஎம் எஸ்விசியில் (பல சேமிப்புக் கருவிகளை ஒன்றாக நிர்வகிக்கும் அமைப்பு) பழைய பூலிலிருந்து (டிஸ்க் தொகுப்பு) புதிய பூலுக்கு மாற்ற, 4 டிபி வால்யூமுக்கு (சர்வருக்கு ஒரு டிஸ்க்காகத் தெரியும் சேமிப்பிடம்) இரண்டாவது காப்பி சேர்த்ததையும், பழைய காப்பியிலிருந்து அதற்குத் தரவு போகும் சிங்க் ஆமை வேகத்தில் நடப்பதையும் முந்தைய இழையில் எழுதியிருந்தேன். டிஸ்க்கில் பழுதில்லை. சிங்க் எவ்வளவு வேகமாக ஓடலாம் என்று குறிக்கும் எண்ணான சிங்க் ரேட்தான் காரணம்.

அது இயல்பாக 50-இல் இருக்கும். அதாவது நொடிக்கு 2 எம்பி. 4 டிபிக்குக் கிட்டத்தட்ட 24 நாள்! 80 வைத்தால் 16 எம்பி, மூன்று நாள். 100 வைத்தால் 64 எம்பி, சுமார் 18 மணி நேரம். சிங்க் ஓடும்போதே மாற்றலாம். ஆனால் பகலில் 100 வேண்டாம். பழைய பூல்தான் டேட்டாபேஸுக்கும் சிங்க்குக்கும் சேர்த்துப் படித்துக் கொடுக்கிறது, லேட்டன்சி (பதில் வர ஆகும் தாமதம்) ஏறிவிடும். பகலில் 60, இரவில் 90 என்பது என் பரிந்துரை.

சிங்க் 100 சதவீதம் முடிந்ததும் பழைய காப்பியை உடனே நீக்காதீர்கள். வாசிப்பு பிரைமரி (முதன்மை) காப்பியிலிருந்தே நடக்கும்; இப்போது அது பழையதுதான். ஆகவே முதலில் புதியதைப் பிரைமரி ஆக்கி, ஒரு முழு பேக்கப் சுற்றாவது ஓடவிட்டுப் பாருங்கள். நீக்கும்போது காப்பி எண்ணை (பழையது 0, புதியது 1) மட்டும் நம்பாமல், எதிரே இருக்கும் பூல் பெயரையும் சரிபாருங்கள்.

காப்பி சேர்க்கும்போதே நினைவகம் போதவில்லை என்று பிழை வந்தால், ஐஓ குழுவின் (வால்யூமைக் கையாளும் எஸ்விசி நோடு ஜோடி) மிரரிங் பிட்மேப்புக்கான (காப்பிகளில் எந்தப் பகுதி ஒத்திருக்கிறது என்ற குறிப்பு) நினைவக ஒதுக்கீட்டைக் கூட்டுங்கள்: 2 டிபி வால்யூமுக்கு 1 எம்பி.